இன்னொரு டம்ளர்

உமேஷ் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டான். கோதுமை துளியும் ஆகாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதமாகிறது. வீட்டில் சப்பாத்தியே கிடையாது.

"கேன்டீன்ல பரோட்டா சாப்ட்டீங்களா?" மனைவி மமதா அவனுடைய டிபன் பையைக் கொட்டித் தேடினாள். "உண்மைய சொல்லுங்க."

"நீ கட்டிக் குடுத்த ரசஞ்சோறு தவிர ஒண்ணும் தொடல."

"தொடாமலா பொம்மசந்திரா கம்பெனிலேர்ந்து இப்படி வந்து விழறீங்க?"

அவன் முனகினான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வயிற்றுக்கு நல்லதென்று தினமும் ரசத்தில் தாராளமாகப் போடும் பெருங்காயத்தூளை மோரிலும் கலந்து கொடுத்தாள்.

டப்பா காலி. புதிது வாங்க வேண்டுமே என்று விலை பார்க்கத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: பெருங்காயம், கோந்து, கோதுமை மாவு.

ஹாலிலிருந்து உமேஷின் குரல் வந்தது. "மோரு இதமா இருக்கு மமதா. இன்னொரு டம்ளர் குடு."