முதல் நாற்பது பேர்

டைப்பிஸ்ட் பெண் வேண்டாவைப் பார்க்கவே செயலாளர் ஜெயகிருஷ்ணனுக்குக் குமட்டியது. செங்கல்பட்டில் அந்த வீட்டுமனைச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தத் திருட்டுத்தனம்!

இந்த வருடம் நாற்பது மனை. தகுதி எல்லாருக்கும் சமம் என்பதால் ஆங்கில அகரவரிசைப்படி கொடுப்பதாக ஏற்பாடு. அந்த அபார யோசனை அவருடையதுதான்.

கம்ப்யூட்டரில் ஊருக்கு ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் பொதுவான தாய்ப் பட்டியலைக் கேட்டால் அதன் பிள்ளைகளான ஊர்ப் பட்டியல்கள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து, ஒரே அகரவரிசையாய் வரும். இன்று காலை வந்த தாளில் முதல் நாற்பது பேரும் கடப்பாக்கம் ஊர்க்காரர்கள். பெயர்களை அடித்த வேண்டாவின் சொந்த ஊர்.

“இன்னா சார் இது, எனக்கே ஒண்ணும் புரியல.”

“சீ, நடிக்காதே! ஒவ்வொரு பேருக்கும் முன்னாடி குட்டியா ஒரு இடம் விட்டிருக்கே. அப்படி விட்டா ‘ஏ’வுக்கும் மேல போய் உக்காந்துக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

“நான் பேரை மட்டுந்தான் சார் அடிச்சேன். எங்க வூட்டு மனுவே அதுல இல்ல.”

“மத்த ஊர்ல இல்லாத இடம் உங்க ஊருக்கு மட்டும் எப்படி வந்தது?”

“அது கடைசியா அடிச்சது சார். ஆயுத பூஜைக்கு மறுநாள்.”

பூஜையின் பெயர் அந்த வாயில் வந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் அவ்வளவு சுத்தக்காரர். மனு கொண்டுவருபவர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடமாட்டார். போன வாரம் பூஜையில் சந்தனக் கிண்ணத்தை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

“உன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு. ராஜினாமாவை அடி. நீ திருடின அதே மிஷின்ல அடி!”

“இந்தச் சம்பளத்துலதான் சார் வூட்ல அடுப்பு எரியுது.”

“அடி!”

வேண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் எழுத்து அடிப்பதற்குள் திரையில் தானாக ஓர் இடம் விழுந்தது. அழித்தாள். மறுபடியும் விழுந்தது.

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கீபோர்டில் இடம் விடும் நீளப் பட்டனுக்கு அடியில் விட்டு நெம்பினாள். மஞ்சளாய்க் காய்ந்த கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதை அவர் மேஜைமேல் வைத்தாள்.

“பூஜைக்கு நீங்க அப்புன சந்தனம், சார்.”