கொசுத் தும்மல்

அமெச்சூர் வானொலிச் சங்கத்தில் சேர வேண்டுமானால், சொந்தமாகக் கட்டிய டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் தலைவர் வீட்டு ரேடியோவில் கேட்டாக வேண்டும். சேர ஆசைப்பட்ட பல் டாக்டர் ஒருவரும் உதிரி பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் பற்றவைத்து ஒன்றைக் கட்டியிருந்தார்.

டாக்டர் தலைவர் வீட்டில் காத்திருக்க, அடுத்த தெருவில் டாக்டரின் மனைவி அந்த டிரான்ஸ்மிட்டரில் விடாமல் மோர்ஸ் குறியீடு தட்டிக்கொண்டிருந்தாள். தலைவரின் ரேடியோ மூச்சுக்கூட விடவில்லை.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "கொசு தும்மினாக்கூட இதைவிட நல்லாக் கேக்கும், டாக்டரே! நேத்து சாயங்காலம் இதே ரேடியோவுல நாலு நாட்டுக்காரங்களோட பேசினேன். நீங்க பேசாமப் பல்லைப் பிடுங்கப் போங்க!"

டாக்டர் தொங்கிய தலையோடு எழுந்தார்.

துடைப்பத்தோடு வந்த தலைவரின் மனைவி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேபிளை இழுத்துப் போட்டாள்.

"ஏங்க, போன மழைக்காலத்துல இடிக்குப் பயந்து இந்த ரேடியோவுலேர்ந்து நீங்க கழட்டிப் போட்ட ஆன்டெனா ஒயர் இது. இன்னும் எத்தனை மாசம் நான் இதைச் சுத்திச் சுத்திக் கூட்டுறது? எடுத்து மாட்டித்தான் தொலைங்களேன்!"