பாட்டுக்கு நடுவில் ஒரு குரல்

"செத்தவன் வீட்டுல கழட்டின ரெக்கார்டு பிளேயர் ஊசியைப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா?"

போனில் கத்தினார் காதுக்காரர்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? உங்க கண்ணு முன்னாடிதானே பெட்டியைப் பிரிச்சேன்?" என்றார் ஊசிக்கடைக்காரர்.

"பெட்டி புதுசு. உள்ள இருந்தது பழசு. இதுல பேய் இருக்குய்யா! சாயங்காலம் வந்து நீங்களே கேளுங்க."

காதுக்காரர் என்பது ஆபீசில் வைத்த பெயர். லிஃப்டில் எது தேய்ந்திருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குத் தகுந்த ஊசி தேடித்தான் மாதக்கணக்கில் அந்தக் கடையில் தவம் கிடந்தார். ஒரே புல்லாங்குழல் ரெக்கார்டை வைத்துக்கொண்டு, இது கரகரப்பு, அது மந்தம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கடைக்காரர், கடைசியில் 'மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்' என்கிற உயர்ந்த ரக ஊசியை எடுத்து மாட்டினார்.

"மத்ததுல ஊசியோட காந்தம் ஆடும் சார். இதுல மயிரிழை மாதிரி கம்பிச்சுருள்தான் ஆடும். வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும், பாருங்க."

கேட்டது. குழலிலிருந்து விரல் எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வாங்கிவிட்டார்.

வீட்டில் முதல் நாள் சொர்க்கம்தான். பாட்டைவிட, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வருகிற அமைதி இருக்கிறதே, அதுதான் அவரைச் சொக்க வைத்தது. பழைய ஊசியில் அந்த இடம் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்துகொண்டிருக்கும். இதில் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது.

மறுநாள், அந்த அமைதிக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"வாங்க..."

ஆணா பெண்ணா என்றே தெரியாத, நைந்துபோன குரல். அடுத்த பாட்டு தொடங்கியதும் அடங்கிவிட்டது. அது முடிந்ததும் மறுபடியும்.

"வாங்களேன்..."

யாரும் பாடாத ரெக்கார்டு அது. வெறும் புல்லாங்குழல். வாசித்தவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவசரமாக வேறு ரெக்கார்டு மாற்றினார். அதிலும் முதல் பாட்டு முடிந்ததும், "வாங்க..."

எங்கே கூப்பிடுகிறது? போகிற வயசா எனக்கு? விளக்கைக்கூட அணைக்காமல் அங்கேயே சோபாவில் சுருண்டு கிடந்தார். விடிந்ததும்தான் போன்.

சொன்னபடி மாலையில் கடைக்காரர் வந்தார். அறையைச் சுற்றிலும் பார்த்தார். சுவர் முழுக்கக் கனத்த துணி, ஜன்னல் இறுக்கி மூடியிருந்தது.

"வீட்டுல வேற யாராவது பேசினதா இருக்கப்போகுது சார்."

"யாரு இருக்கா பேச? நானும் என் சம்சாரமும்தான். அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேருந்து பேச்சே கிடையாது. இனிமே வந்தா உண்டுன்னுட்டார் டாக்டர். எல்லாம் சிலேட்டுல எழுதித்தான் காட்டுவா."

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"உள்ள எங்கயாவது இருப்பா. பாட்டு ஓடும்போது இந்தக் கதவைத் தொடமாட்டா. பலகைத் தரை, நடந்தா ஊசி குதிக்கும். கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்டுல அதுதான் சட்டம். என் சாப்பாட்டைக்கூட வெளியே ஸ்டூல்ல மூடி வச்சிட்டுப் போயிடுவா." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு விரலை நீட்டினார். "குரல் கேட்டா ஊசியைத் திருப்பி எடுத்துக்கணும். உங்க கடை லட்சணத்தை எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"கேக்கட்டும் சார். கேட்டா நானே கடையை இழுத்து மூடிட்டுப் போறேன்," என்று ரோஷத்தோடு சொல்லிக் கடைக்காரர் ஊசியை இறக்கினார்.

குழல் குழைந்தது. இருவரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு முடிந்தது. இடைவெளி.

"வாங்க..."

கடைக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கேட்டுதா? கேட்டுதா?" என்று கிசுகிசுத்தார் காதுக்காரர். பயத்திலும் ஒரு வெற்றி.

பிழைப்பே போயிற்று என்று கடைக்காரர் முகம் வெளிறிவிட்டது. ஒயரைத் தொட்டுப் பார்த்தார், ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது பாட்டும் முடிந்தது.

"வாங்களேன்... ஒரு நிமிஷம்..."

என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டார். ரெக்கார்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

"என்னங்க... பாட்டு முடிஞ்சுதா... வாங்களேன்..."

காதுக்காரர் பாய்ந்து கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா! ஊசியை எடுத்தும் நிக்கலையே! இது சாதாரணப் பேய் இல்லைய்யா!"

கடைக்காரர் ரெக்கார்டைப் பார்க்கவில்லை. மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதுக்காரர் கையை மெல்ல விலக்கினார்.

"போய்க் கதவைத் திறங்க சார். அம்மாவுக்குப் பேச்சு வந்து எத்தனை நாளாச்சோ!"