அப்பா-மகன் போட்டி

வாரக்கடைசி மீன்பிடிப் போட்டி. சின்னப் படகில் மருமகன் மரத்துப்போனவன்போல உட்கார்ந்திருந்தான். மாமனாரின் தூண்டிலில் பெரிய சங்கரா மீன் சிக்கியது.

“முதல் பரிசு நமக்குத்தான், மாப்பிள்ளை!”

“இது அப்பா-மகன் போட்டி, மாமா. கேட்டா மாட்டிக்குவோம்.”

“வாயைத் திறக்காம வாங்க, நான் பார்த்துக்கறேன்.”

கரையில் மீனை எடைபோட்டவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “இவர் உங்க மகனா? முகஜாடையே இல்லையே!”

“மகன்தான். அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு பார்த்ததே நான்தான்.”

ஒதுங்கி வந்ததும் மருமகன் முணுமுணுத்தான். “மகன்னு எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?”

“எது பொய்? என் பொண்ணு கண்ணை மூடி ரெண்டு வருஷமாச்சு. இனிமே நீ இன்னொரு வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை. எனக்கு மகன்தானே?”