ஏரிக்காரர் வைத்த பெட்டி

பையைக் கவிழ்த்ததும் மேசையெல்லாம் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“இனிமே இது தேவைப்படாது. அந்தப் பெட்டியில போட்டுடுங்க” என்றாள் ஏரிக்காரரின் மனைவி.

மருந்துக் கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துப் பெயரைப் பார்த்தார். போன மாதம்கூட ஏரிக்காரர்தான் காலி அட்டையைக் காட்டி இந்தப் புற்றுநோய் மாத்திரையை வாங்கிப் போனார். ஒரு வருஷமாக அவரேதான் வருகிறார், வரவர ஆள் பாதியாகிவிட்டார். யாருக்கு, என்ன என்று இவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. அதைப் போய் எப்படிக் கேட்பது.

ஏரிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஏரியிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பது அவர் வேலை. அழுக்கைப் பிரித்துவிடுவோம், மருந்தைப் பிரிக்க முடியாது, எல்லாம் நேரே ஏரிக்குத்தான் போகிறது என்று பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திப் புலம்புவார். எவர் வீட்டில் எதைக் கொட்டினாலும் என் குப்பியில் வந்து நிற்கும் என்பார்.

வேண்டாத மருந்தைப் போட இந்தக் கடையில் பெட்டி வைக்கச் சொல்லி உயிரை எடுத்தவரும் அவர்தான். இதுவரை அதில் விழுந்தது பெரும்பாலும் பஸ் டிக்கெட்டும் மிட்டாய்க் காகிதமும்.

அவள் தலையைத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். பாவம், தலைவாரக்கூட மனசு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“கழிப்பறையில கொட்டிடலாம்னுதான் போனேன்” என்றாள். “கொட்டினா அவருக்குத் தெரிஞ்சிடுமேன்னு கை வரல.”

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. போன பிறகும் மனிதரின் சொல்லுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதையா.

ஆஸ்பத்திரி, ஊசி, வாந்தி, மறுபடியும் ஆஸ்பத்திரி, எல்லாம் அலுத்துவிட்டது என்றாள் அவள். இருக்கிற நாளையாவது நிம்மதியாகக் கழிக்க வேண்டும் என்றாள். நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

அட்டைகளை அள்ளி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். கடைசி அட்டை மட்டும் கையோடு நின்றது.

“ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனேம்மா. எப்பேர்ப்பட்ட மனுஷர். என்னிக்குப் போனாரு?”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்தாள்.

“அவர் இப்ப ஏரியில தண்ணி எடுத்துட்டிருப்பாருங்க. மாத்திரை என்னோடது, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”