சலித்த மண்

துரை வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு தோட்டத்துப் பெண் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், யானை எலும்புக்கூட்டின் வாயில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

சிவசம்புவுக்கு எப்படி இருந்திருக்கும்?

முப்பத்திரண்டாம் வருஷம், ஜொகூர் பாருவில் புதிதாகத் திறக்கப்போகிற காட்சிக்கூடம் அது. அதன் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற கிராணி அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து பதினெட்டு வருஷ உத்தியோகம், இதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. பத்து மணிக்குத் துரை ரிப்பன் வெட்டப் போகிறார், போட்டோ பிடிக்கப் போகிறார்கள். தரையெல்லாம் அரிசி.

"என்ன செய்யிறாய் அங்க? வெளியால வா."

அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெறும் நெற்றி. முந்தானை முடிச்சில் இன்னும் கொஞ்சம் அரிசி வைத்திருந்தாள். திறந்து கிடந்த பின்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும்.

கூட்டுகிற ஆளைத் தேட நேரமில்லை. சிவசம்புவே துடைப்பமும் முறமும் எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டே அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். தந்தத்தைக் கண்டாலே பிள்ளையார் என்று விழுந்து கும்பிடுவதா, இது சாமியுமில்லை பூதமுமில்லை, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மிருகம், இப்போதிருக்கிற யானைக்கெல்லாம் பூட்டன் முறை, இதற்குப் போய்ப் பூசை வைத்தால் துரை என் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பொரிந்து தள்ளினார்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எம் பேரு ராஜம்மாங்க ஐயா. லாயாங் லாயாங்லேருந்து ரயிலேறி வந்தேன். இது எங்க தோட்டத்து மலையில எடுத்ததுதானே?"

அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்த மலையைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குப் பெருமைதான். மலையை வெட்டி ரோடு போட்டபோது மழையில் மண் சரிந்து, சரிந்த இடத்துக்கு மேலே இந்த எலும்பு தலை நீட்டியது. அங்கேயே கூடாரம் போட்டு, கிட்ட நின்று வேலை வாங்கியவர் அவர்.

"ஒரு எலும்பும் விடயில்லை, கண்டியோ. மூண்டு மாசம், நாப்பது ஆள். மண்ணையெல்லாம் சல்லடையில சலிச்சு, கண்ணில விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கினம். நகத்தளவு துண்டும் தப்பயில்லை."

"சலிச்ச மண்ண எங்கங்க ஐயா கொட்டினீங்க?"

இது என்ன கேள்வி என்று நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ பள்ளத்திலதான். வேற எங்க?"

ராஜம்மா தலையாட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்துகொண்டாள்.

"மொதல்ல மலை சரிஞ்சப்ப ஒரு ஆளும் சேந்து போயிட்டாருங்க ஐயா. அந்தப் பள்ளத்துக்குள்ளதான். காளியப்பன்னு பேரு. எம் புருசன்."

துடைப்பம் நின்றது.

ஒரு கூலி செத்தது சிவசம்புவுக்குத் தெரியும். ரிப்போர்ட்டின் கடைசியில் அதை ஒரு வரியாக எழுதியவரே அவர்தான். பிரேதத்தை எடுத்து அடக்கம் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அவளை நேருக்கு நேர் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அவரை ஒரே ஒரு நாள்தான் தோண்டித் தேடுனாங்க. ரொம்ப ஆழம், ஆகாதுன்னுட்டாங்க. அடுத்த வாரமே மேல உங்க வேலை தொடங்கிருச்சு. நான் தெனமும் லயத்து வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கொட்டக் கொட்டப் பள்ளம் மேடாயிருச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே கார் வந்து நின்றது. துரையை வரவேற்க யாரோ ஓடுவது கேட்டது. சிவசம்பு முறத்திலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இந்த அரிசி…"

"பூசையில்லீங்க ஐயா. வாய்க்கரிசி. ஒரு பிடி போட அவரு மொகம் எனக்குக் கெடைக்கல. அந்த மலையிலேருந்து வெளிய வந்த எலும்பு இது ஒண்ணுதான்."

பூட்ஸ் சத்தம் படியேறியது. சிவசம்பு துடைப்பத்தைக் கீழே போட்டார். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்.