மேசையில் பதிந்த வரி

பட்டறை ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து பைன் மேசைமேல் விழுகிறது. இழைப்புளியோடு குனிந்த தச்சரின் கை அப்படியே நிற்கிறது. பைன் பச்சைப்பிள்ளை மாதிரி, நகம் பட்டாலே தடம் விழும். தேக்காக இருந்தால் இது பதிந்தே இருக்காது. காகிதத்தில் அழுத்தி எழுதிய பேனா பலகையிலும் எழுதியிருக்கிறது: ‘அப்பா, சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் ஸ்டேஷன்ல இருப்பேன்.’ வாசலில் முதுகு காட்டி நிற்கும் அந்த அப்பா, வீட்டைவிட்டுப் போன மகளைப் பற்றி நூறாவது தடவையாகப் புலம்புகிறார். “ஒரு வரி எழுதி வெச்சிட்டுப் போயிருந்தா, ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே.” தச்சர், மேசையருகே நிற்கும் அந்த அப்பாவின் மனைவியை நிமிர்ந்து பார்க்கிறார். மேசையை இழைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தவள் அவள்தான். அந்த வரிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, “சீக்கிரம் இழைச்சிடுங்கண்ணே” என்கிறாள்.